நெத்திலிக் கருவாட்டில் மோர்

எனக்கென்ன, நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பில் வார் போட்டுப் பெஞ்சோடு கட்டியிருக்கிறார்கள், கட்டாவிட்டால் மிதந்துபோய்க் கூரையில் மண்டை இடிக்கும், காலில் வேறு காந்தச் செருப்பு. இன்னும் நாற்பது நிமிஷம். நாற்பதே நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் செவ்வாய்க் கப்பலில் ஏறிக் கால் நீட்டிவிடலாம். வாயைப் பொத்துவது எனக்குப் புதிதா, இருபது வருஷக் குருவி நான், பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே அதிகாரிகள் கண்ணில் மண்ணைத் தூவிச் சரக்குக் கொண்டுபோய் வயிறு வளர்த்தவன், தூத்துக்குடி கஸ்பார் மச்சாது என்றால் துறைக்குத் துறை தெரியும், தெரிவதுதான் தொல்லை. எதிரே சோதனை அறை. கதவு அரைச் சாண் திறந்து கிடக்கிறது, பழுது போலிருக்கிறது, நிலாவைச் சுற்றுகிற கப்பல் துறை என்று பெத்தப் பேர், ஒரு கதவை ஒழுங்காகச் சாத்தத் துப்பில்லை. உள்ளே ஆவுடையப்பன். என் கப்பலில் எட்டு வருஷம் பொறியாளனாக இருந்தவன். உள்ளே மேசைமேல் இருக்கிற பை அவனுடையது. பைக்குள் இருக்கிற பருப்புப்பொடி டப்பா அவனுடையது, செவ்வாயில் இருக்கிற அவன் பெண்டாட்டி கோமதிக்கு அவள் அம்மா திரித்துக் கொடுத்தது. டப்பாவுக்கு அடியில் உறை போட்டு ஒட்டி வைத்த நெத்திலிக் கருவாடு மட்டும் என்னுடையது.

அது அவனுக்குத் தெரியாது. அதாவது, பத்து நிமிஷம் முன்னால் வரை தெரியாது. குருவிக்கு முதல் பாடம், உன் சரக்கை உன் பையில் வைக்காதே. யாரும் சொல்லித்தர வேண்டாம், மீன் குஞ்சுக்கு நீச்சல் போல அது தானாக வரும். நேற்று அவன் குளிக்கப் போனபோது என் கை பாட்டுக்கு அவன் பையைத் திறந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கை வேலையை முடித்து ஜிப்பையும் இழுத்துவிட்டது. பெருங்காய வாசனையில் கருவாட்டு வாசனை அமுங்கிவிடும் என்று கணித்தேன். மனுஷ மூக்கென்றால் அமுங்கியிருக்கும். இந்தத் துறையில் போன மாசம் புதிதாக ஒரு மோப்ப இயந்திரம் வைத்திருக்கிறார்கள், அது பெருங்காயத்துக்கு மசியவில்லை, பையைக் கண்டதும் பிள்ளை பெறுகிறவளைப் போலக் கத்த ஆரம்பித்துவிட்டது. கருவாட்டில் என்ன குற்றம் என்று கேட்டால், நிலாவிலும் செவ்வாயிலும் மூடிய ஊருக்குள் ஒரே காற்றைத்தான் எல்லோரும் மாற்றி மாற்றி மூச்சுவிட வேண்டும், ஒருத்தன் நாலு நெத்திலியைப் பொரித்தால் குழாய் வழியாக நாலாயிரம் வீட்டில் மணக்கும், நாலாயிரம் பேரில் பாதிப் பேருக்கு வாயில் எச்சில் ஊறும், மீதிப் பாதி மனு எழுதும். மனு எழுதுகிறவன்தான் எந்த ஊரிலும் ஜெயிக்கிறான். ஆனால் மாசக்கணக்கில் மிதந்து திரிந்து, ரத்தமெல்லாம் தலைக்கு ஏறி, மூக்கடைத்து, நாக்குச் செத்துப்போனவனுக்குக் கருவாடுதான் மருந்து. செவ்வாயில் ஒரு நெத்திலியை நாலாக நறுக்கி நாலு பேர் சாப்பிடுகிறார்களாம். நான் செய்வது ஒரு வகையில் புண்ணியம். இதை அந்த அதிகாரியம்மாளிடம் சொன்னால் சிரிப்பாள்.

பெயர் கோகிலவாணி. பொள்ளாச்சிக்காரி. பேச்சில் அப்படி ஒரு மரியாதை, அந்த மரியாதை ஏற ஏற எனக்குக் குலை நடுங்கும். போன வருஷம் ஊறுகாயோடு என்னைப் பிடித்தபோது, "ஏனுங்க கஸ்பார் அண்ணா, வயசான காலத்துல இதெல்லாம் தேவைங்களா" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது எச்சரிக்கையை எழுதினாள். என்னைப் போன்ற வியாபாரிக்கு மூன்று தடவை. மூன்றாவது தடவை பிடிபட்டால் ஆயுசுக்கும் மண்தான், பூமியில் இறக்கிவிட்டு ஏணியை எடுத்துவிடுவார்கள். பொறியாளனுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. எல்லோரும் மூச்சுவிடும் காற்றைக் காப்பேன் என்று சத்தியம் செய்து பட்டயம் வாங்கியவன், முதல் தடவையே பத்து வருஷம் பறக்கக் கூடாது. பத்து வருஷம். கோமதி செவ்வாய்க்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பலே இருபத்தாறு மாசம் கழித்துத்தான், அதுவும் அவனுக்குக் கிடையாது. எனக்கென்ன. அவன் பெண்டாட்டி, அவன் பாடு. நான் அவனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னேனா?

உண்மையைச் சொன்னால் அவனை நான் வேலைக்கு எடுத்ததே நெற்றிக்காகத்தான். திருநெல்வேலிச் சைவக் குடும்பம், மீன்கடை இருக்கிற தெரு என்றால் சுற்றிக்கொண்டு போகிற வம்சம். எடையில்லாத இடத்தில் திருநீறு பூசினால் தூளாகப் பறந்து எல்லார் கண்ணிலும் விழும் என்று தண்ணீரில் குழைத்து மூன்று பட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். அந்த நெற்றியைப் பார்த்ததும் எந்த அதிகாரிக்கும் பையைத் திறக்க மனசு வராது என்று எனக்குப் பட்டது. இயந்திரம் ஓட்டத் தெரியுமா என்று கேட்கவே மறந்துபோனேன். தெரிந்திருந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல. இரண்டாம் வருஷம் நிலாவின் முதுகுப்பக்கம் ஒளிந்து போய்க்கொண்டிருந்தபோது கப்பலில் ஓட்டை விழுந்து காற்று விசிலடித்து வெளியேற ஆரம்பித்தது. இருந்தது ஒரே ஒரு முகமூடி. நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். யோசிக்கவே இல்லை, பந்தியில் முந்துகிற மாதிரி முந்தினேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகத் தடவி, ஓட்டையைக் கண்டுபிடித்து, உள்ளங்கையால் அடைத்து, பசை பூசி, எல்லாம் முடித்து நீலமாகிப்போன உதட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, முகமூடியத் தலகீழா மாட்டியிருக்கிய" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு தேத்தண்ணீர் பொட்டலம் ஒன்றைச் சூடாக்கி என் கையில் கொடுத்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். பாவி, திட்டவே மாட்டான். அந்தத் தேத்தண்ணீர் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அதற்குப் பிறகு இன்னொரு முகமூடி வாங்கினேன், அது தள்ளுபடியில் கிடைத்தது. கப்பலில் கருவாடு சுடுவதை நிறுத்தினேன், அது காற்றை வடிகட்டுகிற சல்லடை கெட்டுப்போகிறதே என்று. அவனுக்குப் பதினோரு நாள் காய்ச்சல் கண்டபோது மூன்று வேளையும் ரசம் வைத்துக் கொடுத்தேன், ரசப்பொடி காலாவதியாகிக்கொண்டிருந்தது, வீணாக்க மனசில்லை. வெள்ளிக்கிழமை விஷயம் வேறு. வெள்ளிக்கிழமைதான் கோமதியோடு அவன் பேசுகிற நாள். அங்கிருந்து இங்கே பேச்சு வந்துசேரவே பத்து நிமிஷம், சில மாசம் இருபது நிமிஷம். இவன், "சாப்ட்டியா?" என்பான். வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அவள், "சாப்ட்டேன், நீங்க?" என்பது வந்துசேர்வதற்குள் எனக்குப் பசித்துவிடும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மத்தியானம். அதற்குக் கப்பல் செவ்வாய் தெரிகிற பக்கமாக நின்றாக வேண்டும், நிலாவுக்குப் பின்னால் போய்விட்டால் பேச்சு அறுந்துவிடும். நாலு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இயந்திரம் சூடாகிவிட்டது என்று சொல்லிக் கப்பலை நிறுத்தினேன். இயந்திரம் சூடாகவில்லை என்பது இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்குத் தெரியாதா? அவனும், "ஆமா அண்ணாச்சி, ரொம்பச் சூடு" என்பான். ஒரு தடவை கோமதி, "ஒங்க அண்ணாச்சி சாப்ட்டாவளா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பதினேழு நிமிஷம் பயணம் செய்து வந்தது என்று நினைத்தால் இப்போதும் என்னவோபோல் இருக்கிறது. பிறகு இவன் செவ்வாயிலேயே குடியேறப் போகிறேன் என்றான், நானும் கப்பலை விற்றுவிட்டு அவன் போகிற கப்பலிலேயே பக்கத்து இருக்கைக்குச் சீட்டு வாங்கினேன். அங்கே வியாபாரம் நன்றாக இருக்கிறதாம். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

"செவ்வாய் செல்லும் பயணிகள் கவனிக்கவும். இன்னும் இருபத்தைந்து நிமிடங்கள்." வருகிறேன் தாயே, கத்தாதே. போய்விடலாம், ஏறி உட்கார்ந்துவிட்டால் பிறகு மனசு தானாக அடங்கிவிடும், ஓடுகிற வண்டியில் ஏறினவனுக்கு ஊர் ஞாபகம் இரண்டு நாள்தான். வாரை அவிழ்த்தாயிற்று. வலது கால் வந்துவிட்டது. இடது செருப்பு தரையை விட மாட்டேன் என்கிறது. இழுக்கிறேன். வரவில்லை. இந்தக் காந்தச் செருப்பில் ஏதோ ஒரு சூட்சுமம், "இழுக்கக் கூடாது அண்ணாச்சி, குதியை அழுத்தி எடுக்கணும்" என்று அவன் எட்டு வருஷமாகச் சொல்கிறான், எட்டு வருஷமாக நான் இழுக்கிறேன், கடைசியில் அவனே வந்து குனிந்து என்னவோ செய்வான், விட்டுவிடும். எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும், அவன்தான் இருக்கிறானே என்று இருந்துவிட்டேன். இப்போது ஒரு கால் தரையில், ஒரு கால் ஆகாயத்தில், கொக்கு மாதிரி நிற்கிறேன். உள்ளே குரல் கேட்கிறது. கேட்கக் கூடாது என்று நினைத்தால் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

"ஆவுடையப்பனுங்களே, கடைசியாக் கேக்கறனுங்க. இதை உங்க பைல யாருங்க வெச்சாங்க?"

சொல்லிவிடுவான். சொல்லட்டும், நியாயம்தானே, அவன் பையைத் தொட்டது நான் ஒருத்தன்தான், அவனுக்கா தெரியாது. சொன்னால் நானும் இவன் பொய் சொல்கிறான் என்று சாதித்துவிடலாம், பழி பழிக்குச் சரியாகிவிடும், தேத்தண்ணீரும் தொண்டையை விட்டு இறங்கும். சொல்லுடா. சொல்லித் தொலை.

"யாரும் வைக்கலம்மா. என்னுதுதான்."

ஐயோ. பிழைக்கத் தெரியாதவனே. பத்து வருஷம்டா. உனக்குக் கோபமே வராதா, ஒரு தடவையாவது மனுஷன் மாதிரி நடந்துகொள்ள மாட்டாயா? இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும், முறைப்படி பார்த்தால் வர வேண்டும், தப்பித்தேன் அல்லவா, வயிற்றுக்குள் தேடிப் பார்க்கிறேன், சந்தோஷம் இல்லை, அந்த இடத்தில் பயம்தான் இருக்கிறது. பக்கத்து இருக்கை காலியாக ஏழு மாசம் போக வேண்டும். போய் இறங்கினால் கோமதி வாசலில் நிற்பாள், என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள், அவர் எங்கே என்பாள், அப்போது பதில் சொல்ல எனக்குப் பதினேழு நிமிஷம் கிடைக்காது. முகத்துக்கு நேராக உடனே சொல்ல வேண்டும். வியாபார நிமித்தமாக உன் புருஷனை விற்றுவிட்டேன் தாயி, இந்தா நெத்திலி என்றா? நெத்திலியும் இருக்காது.

"உங்களுதுங்களா. செரிங்க. நெத்தில திருநீறு, பைல நெத்திலி. கருவாடு சாப்பிடுவீங்களா?"

"தினமும் சாப்பிடுவேம்மா."

"சந்தோசமுங்க. எப்படிச் சமைப்பீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். சொல்லாதே. பசியில்லை என்று சொல், தலை சுற்றுகிறது என்று சொல்.

"மொதல்ல," என்கிறான் ஆவுடை, தேர்வு எழுதுகிற குரலில், "துவரம்பருப்ப நல்லாக் குழைய வேக வச்சுக்கிடணும்."

துவரம்பருப்பு. சரி. பொறுத்துக்கொள்கிறேன். எங்கேயாவது, எந்தக் கண்காணாத ஊரிலாவது, கருவாட்டில் பருப்புப் போடுகிறவன் ஒருத்தன் இருக்கக்கூடும், உலகம் பெரிது. "கருவாட்டக் கழுவுவீங்களா?" என்று அவள் கேட்கிறாள். "கழுவப்பிடாதும்மா, சத்துப் போயிரும்." மணலோடா? நெத்திலியை மணலோடா? தலையைக் கிள்ள வேண்டாமா, வெந்நீரில் ஊறப்போட வேண்டாமா? பொறு கஸ்பார், இருபது நிமிஷம் இருக்கிறது, செருப்பைப் பார், இழு. "பெறகு தேங்காயும் சீரகமும் அரச்சு ஊத்தி, பெருங்காயம் தாராளமாப் போட்டு." பெருங்காயம்! தாராளமாக! எங்கள் வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும். இழுக்கிறேன், செருப்பு வரவில்லை. என் கருவாடு, உப்பிலும் வெயிலிலும் மூன்று நாள் பக்குவமாகக் காய்ந்த கருவாடு. எனக்கென்ன, அவன் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், எனக்கென்ன, எனக்கென்ன.

"எல்லாம் கொதிச்சு எறக்குன பொறவு," என்கிறான், "கெட்டி மோரா நாலு கரண்டி விடணும்."

மோர்.

கால் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. செருப்பு தரையில் நிற்கிறது, நான் காற்றில் போகிறேன், ஒற்றைச் செருப்பும் ஒற்றைக் காலுறையுமாக, கதவை முட்டித் திறந்துகொண்டு உள்ளே போய் மேசை விளிம்பைப் பிடித்துத்தான் நிற்கிறேன். வாய் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. "மோரா? ஏல ஆவுடை, நெத்திலிக்கு மோரா விடுவ? மீனும் மோரும் ஒண்ணாச் சேந்தா மேலெல்லாம் வெள்ளத் தேமல் விழும்னு ஒங்க தெருவுல ஒரு நாதி சொல்லலியா? எழுதாதீங்கம்மா, அந்தக் கண்றாவிய எழுதாதீங்க. இவன் ஆயுசுல கருவாட்டத் தொட்டது கெடயாது. கருவாடு என்னுது. நான்தான் வச்சேன். இவன் பொண்டாட்டிக்குக் கொண்டுபோற பொடிக்கு அடியில, இவன் குளிக்கப் போன நேரம் பாத்து, திருடன் மாதிரி நான்தான் வச்சேன்."

சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை. ஆயுசுக்கும் மண்.

கோகிலவாணி பேனாவை மூடுகிறாள். "வாங்க கஸ்பார் அண்ணா, உக்காருங்க. ஏனுங்க இத்தனை நேரம்? அரை மணி நேரமாக் கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கறனுங்க." கதவு பழுதில்லை. பொள்ளாச்சிக்காரி. ஆவுடையைப் பார்க்கிறேன், கண்ணெல்லாம் சிவந்து, மூன்று பட்டையும் வியர்வையில் குழம்பிப்போய், என்மேல் முதல்முதலாகக் கோபத்தோடு நிற்கிறான். "அண்ணாச்சி, ஒங்களுக்குக் கூறு இருக்கா? நான் சமாளிச்சிக்கிட்டுத்தான இருந்தேன்?" என்கிறான். எட்டு வருஷம் காத்திருந்த திட்டு. என்ன சுகமாக இருக்கிறது. "மோர விட்டா சமாளிச்ச?" என்கிறேன். இன்னும் திட்டமாட்டானா என்று இருக்கிறது, ஆனால் நேரமில்லை, அதிகாரியம்மாள் பொடி டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். "பொய் சொன்னதுக்கு ஒரு எச்சரிக்கை எழுதிக்கறேன், நீங்க கெளம்புங்க. ஒம்பது நிமிசம் இருக்குதுங்க."

அவன் கிளம்பவில்லை. வெளியே போய், தரையில் ஒட்டிக்கொண்டிருந்த என் செருப்பின் குதியை அழுத்தி எடுத்துவந்து, குனிந்து, என் காலைப் பிடித்து மாட்டிவிடுகிறான். வாரை இழுத்துக் கட்டுகிறான். நான் பொல்லாதவன்தான், ஊர் அறிந்த தன்னலக்காரன்தான், ஆனால் இந்த ஆள் இல்லாமல் நாளைக்கு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. "ஏல போ, கப்பல் போயிரும்" என்கிறேன். வாசலில் நின்று, "வெள்ளிக்கெழம கூப்பிடுதேன் அண்ணாச்சி" என்கிறான். எனக்கென்ன, கூப்பிட்டால் கூப்பிடு என்று சொல்ல நினைத்தேன், தலையை மட்டும் ஆட்டினேன். போய்விட்டான். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. எடையில்லாத இடத்தில் அது விழவும் செய்யாது, கண்ணிலேயே உருண்டையாக நின்று எல்லாவற்றையும் மறைக்கும். கருவாட்டு உறையை அவள் பிரித்திருக்கிறாள், அந்தக் காரம் என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கு திறந்திருக்கிறது. எத்தனை மாசத்துக்குப் பிறகு நெத்திலி வாசனை.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். பூமிக்குப் போகிற வண்டி சாயந்தரமாம், வழியில் எங்கும் நிற்காதாம். அவள் தாளைத் திருப்பிப் போட்டாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "அப்புறமுங்க," என்று குரலைத் தாழ்த்தினாள், "கத்தரிக்காய எப்பங்க போடணும்?" புளி கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு, அதற்கு முன்னால் போட்டால் கரைந்துவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தரை ஒரு தடவை அதிர்ந்தது. செவ்வாய்க் கப்பல் துறையை விட்டுக் கழன்றுவிட்டது. பிறகு அவள் கருவாடு எவ்வளவு என்று கேட்டாள், நான் இரண்டு கைப்பிடி என்றேன்.

"செரிங்க, நீங்க எந்திரிக்கலாம்." எழுந்திருக்கிறேன். இடது செருப்பு வழக்கம்போல ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுக்கப் போனவன் நின்று, குதியை அழுத்துகிறேன். விட்டுவிட்டது. இவ்வளவுதானா, எட்டு வருஷமாக இவ்வளவுதானா? கதவுவரை போய்த் திரும்பி, இன்றைக்கு என்ன கிழமை அம்மா என்று கேட்கிறேன். "புதனுங்க." அப்படியானால் இன்னும் இரண்டே நாள். எனக்கென்ன, பறக்கிற வேலை போனவன், வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் தெரிகிற இடமாகப் பார்த்து எங்கேயாவது உட்கார்ந்துதானே இருக்க வேண்டும்.